மறு: பழைய வெஸ்பாவுக்கு ‘அசல்’ போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பழைய வெஸ்பா ஸ்கூட்டரில் தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதலே இருக்கும் பாகத்துக்குத் தமிழில் தனிச்சொல் வேண்டுமா என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது. நண்பர்கள் எழுதியதை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> தொழிற்சாலையே பூட்டி அனுப்பிய பாகத்தை ‘அசல்’ என்றால் போதுமே. மெக்கானிக்குக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும், சரி. ஆனால் அசலுக்கு எதிரே நிற்கும் சொல் போலி. ஒரு பாகத்தைச் செய்தது யார் என்பதைத்தான் இந்த இரண்டும் சொல்கின்றன. பழைய இத்தாலிய ஸ்கூட்டரை வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு: பொந்தெதேரா தொழிற்சாலையிலிருந்து இந்த வண்டி வெளியே வந்த நாளில் இந்தப் பாகம் இதில் இருந்ததா?

1962இல் செய்த ஒரு வெஸ்பா 150, அதாவது விபிபி வகை வண்டி, விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். வண்டியின் முன்புறத்தில், வெஸ்பாவைச் செய்யும் பியாஜியோ நிறுவனத்தின் அறுகோணச் சின்னம் இருக்கிறது. சின்னம் அசல்தான், பியாஜியோவே செய்தது. ஆனால் அறுகோண வடிவம் 1967இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது கேடய வடிவம். ஆகவே இந்தச் சின்னம் பிறகு யாரோ மாட்டியது. ‘அசல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த நிலைமையை எப்படி எழுதுவது?

எஞ்சினில் சிக்கல் இன்னும் கூடுதல். வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) விபிபி1டி (VBB1T), எஞ்சினில் விபிபி1எம் (VBB1M) என்ற முன்னெழுத்துகள் பொறித்திருக்கும். இத்தாலிய மொழியில் டி என்பது தெலாயோ, சட்டம். எம் என்பது மோத்தோரே, எஞ்சின். இரண்டும் பொருந்தினால் சரியான வகை எஞ்சின் என்று தெரியும், அவ்வளவுதான். அவற்றை அடுத்து வரும் தொடர் எண்கள் இந்த வண்டிகளில் பொதுவாக ஒன்றாக இருப்பதில்லை. அதனால் இன்னொரு விபிபியிலிருந்து கழற்றிப் பூட்டிய எஞ்சினும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

இதற்காக நான் முன்வைக்கும் சொல் பிறவி. பிறவிப் பூச்சு, பிறவி எஞ்சின், பிறவித் துளை.

முன்பு குழுமத்தில் யோசனையாக வந்த ‘மூலப்பாகம்’ மூலப்பொருளை நினைவூட்டுகிறது. ‘உடன்வந்த பாகம்’ அழகான சொல், கார்புரேட்டருக்கும் இருக்கைக்கும் நன்றாகவே பொருந்தும். தகட்டில் போட்ட துளைக்கும் பற்றவைப்புக்கும் (வெல்டிங்) அதை எப்படிச் சொல்வது? வெஸ்பாவில் கவனிக்க வேண்டியவற்றில் பாதி இப்படித் தனியாகக் கழற்ற முடியாத அடையாளங்கள்தான். அதன் உடல் தகடுகளை அழுத்தி வளைத்து இணைத்தது. தகடுகள் சேரும் விளிம்பில் ஸ்பாட் வெல்டிங்கின் சிறு குழிகள் இடைவெளிவிட்டு வரிசையாகத் தெரியும். தரைத்தகட்டை மாற்றிய வண்டியில் அந்த வரிசை காணாமல் போய், நீளமாக இழுத்துப் பற்றவைத்த கோடு இருக்கலாம். அல்லது குழிகளை மறைத்து, பள்ளம் நிரப்பும் மக்கு பூசியிருப்பார்கள். பூச்சைப் பார்க்கப் பெட்ரோல் டேங்கைத் தூக்கி அடியிலும், பக்க மூடிகளின் உட்புறத்திலும் பாருங்கள். வெயிலும் பாலிஷும் படாத பழைய நிறம் அங்கே தப்பித்திருக்கும். நம்மூர்ப் பட்டறையில் இதைத்தான் ‘கம்பெனி பெயிண்ட்’ என்கிறார்கள். பேச்சுக்கு அது அருமையான சொல், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் கம்பெனி எஞ்சின், கம்பெனி சின்னம் என்றால் மறுபடி ‘யார் செய்தது’ என்ற பொருளுக்கே போய்விடுகிறோம்.

> பிறவி என்றாலே பிறவிக் குருடு, பிறவி ஊமைதான் நினைவுக்கு வருகிறது. குறையைச் சுட்டும் சொல் மதிப்புக்குரிய பொருளுக்குப் பொருந்துமா?

பிறவிக் குணம், பிறவிக் கலைஞன் என்றும் சொல்கிறோமே. நல்லதோ கெட்டதோ, பிறக்கும்போதே கூட இருந்தது என்பதுதான் பொருள். தொழிற்சாலை கோணலாகப் பொறித்த எண்கூட பிறவி அடையாளமே. அதை நேராக்கப் போகிறவர் வண்டியின் வரலாற்றை அழிக்கிறார்.

என் முன்மொழிவு: வண்டி வெளிவந்த நாளிலிருந்து அதிலேயே இருப்பது பிறவி. அதே வகை, அதே காலத்துப் பாகம், ஆனால் வேறு வண்டியிலிருந்தோ பழைய கையிருப்பிலிருந்தோ வந்தது இனமொத்தது. பிற்காலத்தில் பழையதைப் பார்த்துச் செய்தது மறுசெய்கை. மேலே சொன்ன அறுகோணச் சின்னம் இந்த மூன்றிலும் சேராது. அசல், ஆனால் காலம் பொருந்தாதது. ஆகவே அசல், போலி இரண்டையும் தனி அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

அப்புறம், புதுப்பிக்காமல் பழைய நிலையிலேயே காத்து வைத்திருக்கும் வண்டியை இத்தாலியர்கள் ‘கொன்செர்வாத்தோ’ என்கிறார்கள். அதற்குக் ‘கைபடா வண்டி’ என்று யோசித்தேன், நிறைவாக இல்லை. பராமரிப்புக்காகக் கை பட்டுத்தானே இருக்கும். யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?

அன்புடன்