‘கடலைமிட்டாய் வீடு’ குழு: அப்பாவுக்கு வருசம் திரும்பும் வாரம்

அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். வர்ற வியாழக்கிழமை அப்பாவுக்கு வருசத் திதி. காலையில 7 மணிக்கு, வீட்டுலதான். பேப்பர்ல படம் போட்டு விளம்பரம் குடுக்கலாமான்னு யோசிக்கேன். உங்க யோசனையச் சொல்லுங்க.

சித்தப்பா: குடுப்பா. கோவில்பட்டியில அண்ணனத் தெரியாத ஆளு கிடையாது. ஆனாலும் வருசம் ஆயிட்டுன்னு தெரியணும்லா.

பெரிய அத்தை: அண்ணனுக்கு போட்டோவுக்கு நிக்கதுன்னாலே ஆகாது. எங்கிட்ட இருக்கதே ஒண்ணுதான். பொறு, அனுப்புதேன்.

பெரிய அத்தை: [படம்]

பெரிய அத்தை: என் கல்யாணப் பந்தி. எச்சி எலை எடுத்துக்கிட்டு நிக்காக பாரு. எலை எடுக்க வந்தவருக்கு அன்னைக்குக் காய்ச்சல். பொண்ணோட அண்ணன் இதைச் செய்யலாமான்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டாக. “அவருக்கு முடியல, நான் எடுத்தா என்ன”ன்னு சொல்லிட்டு அடுத்த எலைக்குக் குனிஞ்சிட்டாக.

நான்: அத்தை, இந்தப் படத்த நான் பார்த்ததே இல்ல. தோள்ல அந்த ஈரிழைத் துண்டு!

கோயமுத்தூர் மச்சான்: மாமா சட்டையில எப்பவும் வறுத்த கடலை வாசம், ஏலக்காய் வாசம், கொஞ்சம் விறகுப் புகை. இங்க தள்ளுவண்டியில யாராவது கடலை வறுத்தா இப்பவும் நின்னுட்டுத்தான் போறேன்.

கோயமுத்தூர் மச்சான்: காலேஜ்ல முதல் வருசப் பணம் கட்ட கடைசி நாள். அப்பா மாமாகிட்ட வந்து நின்னப்ப மாமா கையில ரூபா இல்ல. வெல்ல மண்டிக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாக. சரக்குக்கு முன்பணம் குடுத்திருந்தாக போல. “இந்த மாசம் பாதி வெல்லம் போதும், மிச்சத்த ரூபாயாக் குடுங்க”ன்னு கேட்டு வாங்கி, எண்ணிக்கூடப் பார்க்காம என் கையில குடுத்தாக. அந்த மாசம் மாமாவோட கடலைமிட்டாய்ப் பட்டறை பாதி நாள்தான் ஓடுச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்.

அம்மா: [குரல் பதிவு 2:10]

நான்: ஆபீஸ்ல இருக்கவங்க கேட்க முடியாதுல்லா, அம்மா பேசுனத அப்படியே எழுதுதேன்.

“எல்லாரும் நல்லதாவே சொல்லுதிய. நான் சண்டை போட்டதையும் சொல்லணும்லா. 2020 ஊரடங்குல அடுப்பு எரியல. பட்டறையில பதினோரு பேரு. சம்பளத்த நிறுத்தக்கூடாதுன்னு என் ரெட்டைவடச் சங்கிலியக் கேட்டாக. சின்னவ பிரசவத்துக்குன்னு வச்சிருந்தது அது. மூணு நாள் நான் பேசல. நாலாம் நாள் நானே கழட்டிக் குடுத்தேன். திருப்ப ஒண்ணரை வருசம் ஆச்சு. திருப்பிட்டு வந்து அவுகளே எங்கழுத்துல போட்டுவிட்டு, ‘உன் புண்ணியத்துல பதினோரு வீட்டுல உலை கொதிச்சது’ன்னாக. எனக்குக் கோவம் அப்பவும் முழுசாப் போகல. ஆனா ஒண்ணு. கணக்கு முடிச்சு ராத்திரி பதினொண்ணு ஆனாலும், நான் பக்கத்துல உக்காராம அவுக சோத்துல கை வச்சதே இல்ல. இந்த ஒரு வருசமா நான் தனியா உக்காந்து சாப்பிடுதேன்.”

பெரிய அத்தை: மைனி, நான் புதன்கிழமையே வந்துருதேன்.

அண்ணன்: அந்த ஊரடங்குக்குள்ளதான், ஏப்ரல் 30ஆம் தேதி, நம்ம ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வந்துச்சு. நான் டிவியப் பார்த்துக் கத்துனேன். அப்பா அமைதியாப் போயி, நமக்குக் கடலை போடுத சம்சாரிக்குப் போன் பண்ணுனாக. “ஒம்ம கரிசக்காட்டுக்குப் பேரு வந்திருக்கு வே”ன்னாக. எங்களுக்கெல்லாம் அதுக்கப்புறந்தான் சொன்னாக.

சித்தப்பா: 2023 டிசம்பர் வெள்ளம் மறந்துட்டியா. தண்ணி வடிஞ்சு வழி கிடைச்ச அன்னைக்கே ஏரலுக்கு லோடு வேன் எடுத்தோம். சோறுன்னா கெட்டுப்போகும், இதுன்னா பிள்ளைக பசி தாங்கும்னு சொல்லி, கடைகளுக்குப் போகவேண்டிய சரக்கு மொத்தத்தையும் ஏத்திட்டாக. கடைக்காரங்களுக்கு நான்தான் பதில் சொன்னேன்.

பட்டறை அக்கா: நானும் ஒண்ணு சொல்லவா. இது பட்டறைக்குள்ள இருக்கவங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

நான்: சொல்லுங்கக்கா.

பட்டறை அக்கா: பாகும் கடலையும் சேர்த்துப் பலகையில கொட்டி உருட்டுக்கட்டையால தேய்ப்போம்லா. சுத்தி ஓரம் ஒழுங்கா வராது. அதை வெட்டி எடுத்துத் தனி டின்னுல போடுவோம். சாயங்காலம் ஹாக்கி ஆடிட்டு வர்ற பயலுவளுக்கு அந்த ஓரந்தான்.

பட்டறை அக்கா: நான் தீப்பெட்டி ஆபீஸ விட்டு இங்க வந்த புதுசு. சீக்கிரம் கை பழகிட்டு. ஒரு நாள் ஓரமே விழாம நாலு பக்கமும் நூல் புடிச்ச மாதிரி தேச்சுட்டேன். அண்ணாச்சி பாராட்டுவாகன்னு நினைச்சேன். டின்ன எட்டிப் பார்த்தாக. “ஏத்தா, நாளையிலேர்ந்து கொஞ்சம் கோணலாத் தேய்யி”ன்னாக.

பட்டறை அக்கா: ஏன் அண்ணாச்சின்னேன். “நல்ல மிட்டாய எடுத்துச் சும்மா குடுத்தா வெக்கப்படுவானுவ. ஓரம்னா மிச்சந்தானேன்னு கூச்சமில்லாம வாங்கிக்கிடுவானுவ”ன்னாக. அதுலேர்ந்து கடைசி நாலு பலகை எப்பவும் கோணல்தான்.

பக்கத்து வீட்டு டீச்சர்: எனக்கு இப்போ கண்ணு கலங்குது. என் மகன் எட்டாம் வகுப்புலேர்ந்து அந்த ஓரத்தத் தின்னவன். “மாமா கடையில நிறைய வீணாப் போகுதும்மா, எங்களுக்குத் தர்றாங்க”ன்னு சொல்லுவான். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

பக்கத்து வீட்டு டீச்சர்: 2022ல நம்ம ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் ஆசியக் கோப்பை ஹாக்கியில இந்தியாவுக்கு ஆடினப்போ, அண்ணாச்சி டிவியத் தூக்கித் திண்ணையில வச்சது ஞாபகம் இருக்கா? தெருவுல அத்தனை பயலுகளும் உக்காந்திருந்தானுக. அண்ணாச்சி மேட்ச்சப் பார்த்த மாதிரியே தெரியல. திரும்பித் திரும்பி அந்தப் பிள்ளைங்க முகத்தத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு.

கோயமுத்தூர் மச்சான்: நானும் சின்ன வயசுல லீவுக்கு வந்தா ஓரந்தான் கேட்பேன். பாகு கூட ஒட்டிக்கிட்டு இருக்கும்.

அண்ணன்: அக்கா, நான் போன மாசம் பலகைக்கு இரும்புச் சட்டம் அடிச்சேன்லா. அதுல ஓரமே விழாது.

பட்டறை அக்கா: ஆமா தம்பி.

அண்ணன்: டின்னு ஒரு மாசமாக் காலியா இருக்கு. பயலுவ வந்தானுவளா?

பட்டறை அக்கா: மூணு நாலு நாள் வந்து எட்டிப் பார்த்தானுவ. அப்புறம் வரல. சொல்லணும்னுதான் இருந்தேன், வேஸ்ட் இல்லாம சரக்கு வருதுன்னு நீங்க சந்தோசமா இருந்திய.

அண்ணன்: தப்பு என்னோடதுதான்க்கா. சட்டம் எதுக்கு இல்லாம இருந்துச்சுன்னு நான் ஒரு தடவைகூட யோசிக்கல.

அண்ணன்: பேப்பர் விளம்பரம் வேண்டாம் சித்தப்பா. வியாழக்கிழமையிலேர்ந்து நாலு பலகைக்குச் சட்டத்தக் கழட்டிருதேன்.

சித்தப்பா: சரிப்பா. அத்தை அனுப்புன படத்த மட்டும் பெருசு பண்ணிப் பட்டறையில மாட்டு.

அம்மா: [குரல் பதிவு 0:07]

நான்: அம்மா சொல்லுதாக: “வியாழன் வரைக்கும் எதுக்கு, நாளைக்கே கழட்டச் சொல்லு.”

பட்டறை அக்கா: காலையில 5 மணிக்கு அடுப்புப் பத்த வைக்கேன். வறுத்த கடலை இருக்கு. வெல்லம் மட்டும் எடுத்து வச்சிருங்க தம்பி.

பக்கத்து வீட்டு டீச்சர்: மைதானத்துப் பக்கம் நான் போய்ப் பசங்ககிட்டச் சொல்லிட்டு வர்றேன். அண்ணாச்சி கடையில ஓரம் நிறைய விழுதாம்னு மட்டும் சொல்றேன்.

அண்ணன்: சொல்லுங்க டீச்சர். டின்னக் கழுவிக் கவுத்தி வச்சிருக்கேன்.