அடுத்த தலைமுறை ரேடியோ ஸ்கேனரில் என்ன வேண்டும்? பந்திங் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

செம்பனைக்காடு:
ஸ்கேனர் என்றால் பிறர் ரேடியோவில் பேசுவதைச் சேனல் சேனலாகத் தேடிக் கேட்கும் பெட்டி. வெளிநாட்டு ரேடியோ ஆர்வலர்கள் அடுத்து வரப்போகும் ஸ்கேனருக்கு ஒரு பெரிய பட்டியலே வைத்திருக்கிறார்கள். எல்லா டிஜிட்டல் முறையும் உள்ளேயே இருக்க வேண்டுமாம், திரை பெரிதாக வேண்டுமாம், வைஃபை வேண்டுமாம், அலைவரிசைப் பட்டியல் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் எது உதவும்?

நம்ம ஊரில் காதுக்குக் கிடைப்பது என்ன? கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் விமான நிலையத்து விமானப் பேச்சு, 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ், இன்றைக்கும் பழைய ஏஎம் முறைதான். மலாக்கா நீரிணைக் கப்பல்கள், 156.8-இல் 16-ஆம் சேனல். 144-148-இல் அமெச்சூர் ஆட்கள், அதாவது பொழுதுபோக்காக லைசென்ஸ் வாங்கிப் பேசுபவர்கள். 477-இல் லைசென்ஸ் கேட்காத வாக்கி டாக்கிகள். பெரும்பாலும் டிஜிட்டல் இல்லாத அனலாக். அரசுத் துறைகள் டெட்ரா என்ற டிஜிட்டல் முறைக்கும் மறைகுறிக்கும் போய்விட்டன. அந்தப் பக்கம் எந்தப் பெட்டி வாங்கினாலும் ஒன்றும் கேட்காது.

2018-இல் வந்த யூனிடன் கம்பெனியின் எஸ்டிஎஸ்100 ஸ்கேனரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய பெருமை, பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் ஒரே பேச்சை அனுப்பும்போது வரும் குழப்பத்தைச் சமாளிப்பது. அது பி25 என்ற அமெரிக்கப் போலீஸ் டிஜிட்டல் வலைகளின் தலைவலி, நமக்கு அந்த நோயே இல்லை. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் ஊர்ப் பட்டியல் வரும் என்கிறார்கள். நம்ம 42700-ஐ எங்கே போடுவது? 427-இல் தொடங்குவது அவர்களுக்குக் கென்டக்கி மாநிலம்.

நான் கேட்பது சின்ன விஷயம். அண்டெனாவுக்கு அடுத்ததாக, வேண்டாத அலையைத் தடுக்க ஒழுங்கான ஃபில்டர் இருக்க வேண்டும். எஃப்எம் வானொலி 108-இல் முடிகிறது, விமானப் பேச்சு 118-இல் தொடங்குகிறது. இடையில் பத்தே மெகாஹெர்ட்ஸ். மாடியில் நல்ல அண்டெனா வைத்தால் போதும், விமானி பேசுகிற இடத்தில் 99.3 ராகா வானொலி பாட்டு பாடும். அப்புறம், மேலே ரப்பர் பூச்சு வேண்டாம். நம்ம புழுக்கத்தில் சில வருஷத்தில் அது உருகி விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் கறுப்பு கையில்தான் வருகிறது, பெட்டி அப்படியேதான் இருக்கிறது.

பிட்டுபைட்டு:
அண்ணே, நீங்கள் கேட்பது 1995-இல் வந்த பெட்டி. அதையே புது பிளாஸ்டிக்கில் போட்டுத் தரச் சொல்கிறீர்கள்.

ஸ்கேனர் என்ற கருவியே ஒரு பழைய சமாளிப்புதான். ஒரே ரிசீவரை வைத்துக்கொண்டு சேனல் சேனலாக ஓடி, எங்கே சத்தம் இருக்கிறதோ அங்கே நிற்கும். அது அப்ரோச்சில் (இறங்க வரும் விமானங்களின் சேனல்) நிற்கும்போது டவரில் (ஓடுபாதைச் சேனல்) பேசியது போச்சு. 2012-இல், கணினியில் செருகி டிவி பார்க்கும் டாங்கிளுக்குள் இருந்த ஆர்டிஎல்2832யு சிப்பை வைத்துப் பல அலைவரிசைகளையும் கேட்கலாம் என்று கண்டுபிடித்தார்களே, அன்றைக்கே இந்தக் கதை முடிந்தது. ஒரு டாங்கிள் ஒரே மூச்சில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பார்க்கும். அதற்குள் இருக்கிற எல்லா விமானச் சேனலையும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். ஒன்றும் தவறாது. வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். செலவு இருநூறு முந்நூறு வெள்ளி (ரிங்கிட்). உங்கள் எஸ்டிஎஸ் மூவாயிரம் வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறது, டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறை வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் காசு கட்டி மென்பொருள் சாவி வாங்க வேண்டும். உள்ளேயே இருக்கிற வசதியைப் பூட்டி வைத்து விற்கிறார்கள்!

அடுத்த தலைமுறை என்றால் திறந்த பெட்டி. ரிசீவரை அவன் செய்யட்டும், மென்பொருளை நாம் எழுதிக்கொள்கிறோம்.

ரெண்டுமீட்டர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்கள் படிப்பார்கள். 1998-ஆம் ஆண்டு தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு, அதிகாரமில்லாமல் பிறர் தொடர்பை இடைமறிப்பதையும் அதை வெளியே சொல்வதையும் குற்றம் என்கிறது. பெட்டிக்குச் சான்று இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். விமானம், கப்பல் என்றாலும் கேட்டதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிற பழக்கம் வேண்டாம். அமெச்சூர் அலைவரிசை இருக்கிறது, அங்கே கேட்பதற்கு நிறைய உண்டு. தேர்வு எழுதி 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக் குறி வாங்கினால் பேசவும் செய்யலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிட்டு தம்பி, 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் என்ன பாடுபட்டது என்று மறக்கவில்லைதானே? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கரண்ட் போனது, பிறகு கைப்பேசியும் போனது. அன்றைக்கு உன் ராஸ்பெரி பை என்ன செய்யும்? மடிக்கணினி எத்தனை மணி நேரம் தாங்கும்? எனக்கு வேண்டியது கடையில் கிடைக்கும் பேட்டரி. யூனிடனின் சின்னப் பெட்டி பிசி125ஏடி இரண்டே இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுகிறது, டிஜிட்டல் கிடையாது, 500 சேனல். மூலையில் இருக்கிற சீனக் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டால் வேலை நடக்கும். எஸ்டிஎஸ்100-க்கு அவர்கள் பேட்டரிதான், சார்ஜ் செய்ய மினி யுஎஸ்பி. 2018-இல் அந்தப் பழைய மினி யுஎஸ்பி!

பிட்டுபைட்டு:
பவர்பேங்க் என்று ஒன்று இருக்கிறது மாமா. வெள்ளம் வருஷத்துக்கு ஒரு தடவை. மற்ற நாட்களுக்கும் ஏதாவது வேண்டாமா?

செம்பனைக்காடு:
தம்பி, உன் டாங்கிளில் அலையை எண்ணாக மாற்றுகிற மாற்றி எத்தனை பிட்? எட்டு. பலமான சிக்னலும் மெல்லிய சிக்னலும் ஒன்றாக வந்தால் அது திணறும். ஹைவேயில் லோரி பக்கத்தில் போகும்போது வண்டிக்குள் பேசுவது கேட்காதே, அந்த மாதிரி. முப்பத்தைந்தாயிரம் அடியில் போகிற விமானத்தை நானூறு கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்கலாம், நடுவில் மறைப்பு இல்லை. ஆனால் அது வருகிற அளவு எறும்பு மாதிரி. பக்கத்து எஃப்எம் யானை. எட்டு பிட்டுக்குள் இரண்டும் எப்படி அடங்கும்? நீயும் கடைசியில் தனியாக எஃப்எம் ஃபில்டர் வாங்கித்தானே மாட்டியிருப்பாய்?

பிட்டுபைட்டு:
மாட்டியிருக்கிறேன். அறுபது வெள்ளி. அதை வைத்துத்தான் சொல்கிறேன், ஃபில்டர் பெரிய ரகசியம் கிடையாது. ஏர்ஸ்பை மாதிரி 12 பிட் ரிசீவர்களும் இருக்கின்றன. எஸ்டிஎஸ்ஸும் உள்ளே மென்பொருள் ரிசீவர்தான் அண்ணே. விமானமும் கப்பலும் இருக்கிற விஎச்எஃப்-இல் இரைச்சல் வருகிறது என்று ஆட்கள் கத்திய பிறகு, நார்மல், இன்வெர்ட், வைட் என்று ஃபில்டர் அமைப்புகளை மெனுவில் சேர்த்தார்கள். எங்கே எது சரி என்று நாமே தடவிப் பார்க்க வேண்டும். மூவாயிரம் வெள்ளி கொடுத்தவனும் தடவுகிறான், முந்நூறு கொடுத்தவனும் தடவுகிறான்.

மோரிப்காத்து:
எல்லாரும் விமானத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கடல் பக்கம் வாருங்கள். 1998 டிசம்பர் முதல் நீரிணையில் பெரிய கப்பல்கள் ஸ்ட்ரெய்ட்ரெப் முறையில் தங்களை அறிவிக்க வேண்டும், கிள்ளான் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசுவதை மோரிப் கடற்கரையிலிருந்தே கேட்கலாம். எனக்கு ஒரே ஒரு ஆசை. கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகத்தை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் டேட்டாவாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குரலைக் கேட்கிற அதே பெட்டி இதையும் படித்து, இன்ன கப்பல், இத்தனை மைல் தூரம் என்று இரண்டு வரி காட்டினால் போதும். கப்பல்களில் வைக்கிற சில ரேடியோக்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. கை ஸ்கேனரில் ஏன் வரவில்லை?

பிட்டுபைட்டு:
அதற்கு ஒரு டாங்கிள், ஒரு ஆண்ட்ராய்டு போன் போதும் அண்ணே. இன்று இரவே செய்து தருகிறேன்.

மோரிப்காத்து:
ஒரு கையில் போன், தொங்குகிற டாங்கிள், இன்னொரு கையில் தூண்டில். நீயே வந்து பிடித்துக்கொள், இரண்டு கையும் உனக்கு காலிதானே.

ஜுக்ராமலர்:
வணக்கம். நான் இங்கே எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். அப்பா தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்தவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. காலையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கையில் வந்ததும் ஸ்கேனரைப் போட்டுவிடுவார், மதியம் வரைக்கும் விமானப் பேச்சுதான். எந்த விமானம் எந்த ஓடுபாதைக்கு வருகிறது என்று எனக்குச் சொல்வார். மூன்று ஓடுபாதை, எண்கள் அவருக்கு மனப்பாடம்.

அவர் வைத்திருப்பது பழைய பெட்டி. பட்டன்கள் மேடாக இருக்கின்றன, ஐந்தாம் எண்ணில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது, அதைத் தடவி மற்றதைக் கண்டுபிடிப்பார். ஒலியளவும் ஸ்குவெல்சும் (வெறும் இரைச்சலை அடக்குவது) தனித்தனித் திருகு. இது கெட்டால் அடுத்து என்ன வாங்குவது என்று தேடினேன். வருவதெல்லாம் தொடுதிரை, மெனுவுக்குள் மெனு. ஐகாம், கென்வுட் அமெச்சூர் ரேடியோக்களில் சிலவற்றில் அலைவரிசையை வாயால் சொல்லும் வசதி உண்டு. ஸ்கேனர் செய்கிறவர்கள் பலருக்கு இது ஏன் தோன்றவில்லை? பெட்டி நின்ற சேனலின் பெயரைச் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி. என் குரலில் "டவர்", "அப்ரோச்", "கப்பல்" என்று பதிந்து கார்டில் போட வழி இருந்தால் இன்னும் நல்லது.

பிட்டுபைட்டு:
அக்கா, நான் முதலிலிருந்து சொல்வதே இதுதான்! கம்பெனிக்காரன் உங்கள் அப்பாவுக்காக ஒரு வரிகூட எழுத மாட்டான், அவன் கணக்கில் அவர் இல்லவே இல்லை. பெட்டி திறந்திருந்தால் நானே ஒரு வாரத்தில் எழுதுவேன். குவான்ஷெங் யுவி-கே5-ஐப் பாருங்கள். நூறு நூற்றைம்பது வெள்ளி ரேடியோ. விமான ஏஎம் பலமாக வந்தால் குரல் உடைந்து கேட்கும். ஆர்வலர்கள் ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளைப் பிரித்து, சிக்னல் ஏறும்போது உள்ளே பெருக்கத்தை இறக்குகிற மாதிரி எழுதினார்கள், சரியாகிவிட்டது. அலைக்கற்றைப் படம் காட்டுகிற வசதியும் சேர்த்தார்கள். கம்பெனி செய்யவில்லை, ஆட்கள் செய்தார்கள்.

ரெண்டுமீட்டர்:
யுவி-கே5 அனுப்பவும் செய்யும் ரேடியோ தம்பி. லைசென்ஸ் இல்லாத வீட்டில் அதை வைத்து, தெரியாமல் பேசும் பட்டன் (பிடிடி) அமுங்கி யாருடைய அலைவரிசையிலாவது விழுந்தால் விளையாட்டு இல்லை. கண் தெரியாதவர் கையில் கொடுக்கிற பெட்டி கேட்க மட்டும் செய்வதாக இருக்க வேண்டும்.

செம்பனைக்காடு:
டீச்சர் அக்கா சொன்னதுதான் என் பக்கம். தனித்திருகு, மேடான பட்டன், சின்னப் பெட்டி. பிட்டு எழுதித் தருவான், சரி. அடுத்த வருஷம் அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டால்? ஃபர்ம்வேர் பாதியில் நின்றால் அந்த அப்பா யாரைக் கூப்பிடுவார்?

ஜுக்ராமலர்:
நான் டீச்சர் என்று எங்கேயும் சொல்லவில்லையே அண்ணே. தோட்ட அலுவலகத்தில் கிராணி (குமாஸ்தா) வேலை.

நான் யார் பக்கமும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கிற பெட்டியில் திருகு இருக்கும், குரல் இருக்காது. 1995 பெட்டி பேசாது. தம்பி கேட்கிற பெட்டி பேசும், ஆனால் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அது நின்றுவிட்டால் அப்பாவால் திரும்ப ஓட வைக்க முடியாது. மூன்று முறை பட்டனைத் தட்டினால் முதல் நிலைக்குத் திரும்ப வேண்டும், அது எந்தச் சூழ்நிலையிலும் மாறக் கூடாது. அந்தப் பகுதியைக் கம்பெனி பூட்டி வைத்துக்கொள்ளட்டும். சேனல் பெயர், குரல், மோரிப் அண்ணன் கேட்கிற கப்பல் வரி, இதையெல்லாம் திறந்து விடட்டும்.

பிட்டுபைட்டு:
பாதி பூட்டு, பாதி திறப்பு என்றால் பூட்டிய பாதியில்தான் கோளாறு வரும் அக்கா. ஃபில்டர் அமைப்பு அங்கேதான் இருக்கும். அண்ணன் ராகா பாட்டைப் பற்றிக் கத்துவார், அதைத் தொட எனக்கு வழி இருக்காது.

செம்பனைக்காடு:
ஃபில்டர் மென்பொருளில் இருக்கவே கூடாது என்கிறேன். செம்புக் கம்பியும் கெப்பாசிட்டரும் போட்ட ஃபில்டர், அண்டெனாவுக்குப் பக்கத்தில். அதைத் தொட உனக்கும் வேலை இல்லை, கம்பெனிக்கும் வேலை இல்லை.

ரெண்டுமீட்டர்:
எல்லாம் சரி, யார் செய்வார்கள்? ஐகாம் ஐசி-ஆர்30-ஐப் பாருங்கள், நல்ல பெட்டி. டி-ஸ்டார், பி25, என்எக்ஸ்டிஎன் என்ற டிஜிட்டல் முறைகள் எல்லாம் கேட்கும், நம்ம ஊர் அமெச்சூர்கள் அதிகம் வைத்திருக்கிற டிஎம்ஆர் மட்டும் கிடையாது. ஜப்பானில் உட்கார்ந்து பட்டியல் போட்டால் அப்படித்தான் வரும். நம்ம கோலா லங்காட் மாவட்டத்தில் எத்தனை பேர் வாங்குவோம்? நம்மைக் கேட்டா செய்யப் போகிறார்கள்?

மோரிப்காத்து:
விமானமும் கப்பலும் உலகம் முழுக்க ஒரே அலைவரிசையில்தான் இருக்கின்றன மாமா. நமக்கு மட்டும் செய்யச் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கேரளக் கரை, எல்லா இடத்திலும் இதே இரண்டைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்கப் போலீஸ் வலையை எடுத்துவிட்டால் பெட்டி பாதி விலைக்கு வரும், அதையாவது எழுதிக் கேட்கலாமே.

செம்பனைக்காடு:
சரி, கம்பெனிக்கு எழுதுவதென்றால் வரைவை நான் போடுகிறேன். முன்பக்க ஃபில்டர், ஏஏ பேட்டரி, ரப்பர் பூச்சு இல்லாத உடம்பு, கப்பல் பெயர், சேனல் குரல். ஆயிரம் வெள்ளிக்குள். பிட்டு, திறந்த ஃபர்ம்வேரையும் போடச் சொல்வாய், போடுகிறேன், கடைசி வரியில்.

பிட்டுபைட்டு:
முதல் வரியில் போடுங்கள், கையெழுத்து போடுகிறேன்.

ஜுக்ராமலர்:
குரலைப் பற்றிய பத்தியை அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார். ஸ்குவெல்ச் திருகை வலது பக்கம் வைக்கக் கூடாதாம், ஒலியளவு என்று நினைத்து அதைத் திருகிவிடுகிறாராம்.