4 அடி உப்புத்தண்ணித் தொட்டிக்கு எந்த அளவு ஸ்கிம்மர்? பாவிச்சவை சொல்லுங்கோ

உப்புக்கான் (கிளிநொச்சி)

4 அடி நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரக் கண்ணாடித் தொட்டி. கீழே 2 அடி சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் வந்து திரும்ப ஏறுகிற துணைத் தொட்டி). கோமாளி மீன் 2, டம்செல் 3, பிறகு ஒரு டாங் மீன் விடுகிற யோசனை. உயிர்ப் பவளம் இல்லை. கடையில் 250, 500, 1000 லீற்றர் என்று மூன்று அளவில் புரோட்டீன் ஸ்கிம்மர் (தண்ணீரில் கரைந்த அழுக்கை நுரையாக்கி எடுக்கிற கருவி) இருக்கு. "பெரிசை எடுங்கோ, பெரிசு எப்பவும் நல்லது" என்கிறார்கள். கனடாவில் இருக்கிற மாமாவும் தன்னிடம் சும்மா கிடக்கிற ஒன்றை அனுப்பிவிடலாம் என்கிறார். எங்கட வெக்கைக்கும் கரண்ட் கட்டுக்கும் எது சரிவரும்?

பாண்டியன்குளம்

முதலில் உண்மையான தண்ணீர் அளவைப் பாருங்கோ. கடைக்காரர் வெளி அளவைப் பெருக்குவார்: 120 × 45 × 45 = 243 லீற்றர். சம்பையும் அப்படியே கூட்டி 300க்கு மேலே கொண்டுபோய், "அப்ப 500 போதாது" என்பார்.

கண்ணாடி 10 மில்லிமீற்றர் என்றால் உள்ளளவு 118 × 43 செ.மீ. தண்ணீர் நிற்கிற உயரம் 40 செ.மீ. அது 203 லீற்றர். 3 செ.மீ. மணல் போட்டால் 9 லீற்றர் அளவில் குறையும். 25 கிலோ கல்லு இன்னும் 10, 11 லீற்றர் இடம் பிடிக்கும். சம்ப் 60 × 35 அளவென்றால் 20 செ.மீ. ஆழத்தில் 40 லீற்றர்தான் ஓடும். எல்லாம் சேர்த்து 220 லீற்றர் சொச்சம்.

இதைவிடச் சுகமான வழி, தொட்டியை முதன்முதல் நிரப்பும்போது 20 லீற்றர் கானால் எண்ணி ஊற்றுவது. கல்லும் மணலும் உள்ளே வைத்த பிறகு எண்ண வேண்டும். வெறும் தொட்டியில் எண்ணினால் அந்தக் கணக்கு பிழைத்துப்போகும்.

கல்லு என்றதும் ஒன்று. கடலில் இருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். காய்ந்த செயற்கைக் கல்லே போதும்.

நந்திக்கடலான் (முல்லைத்தீவு)

மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் அது பாதிதான். ஸ்கிம்மர் சுத்தம் செய்வது தண்ணீரை அல்ல, தீனியில் இருந்தும் மீன் கழிவில் இருந்தும் கரைகிற சேதனப் பொருளை. அந்தப் பொருளின் ஒரு நுனி தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். அதனால் காற்றுக் குமிழின் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழ் ஸ்கிம்மரின் கழுத்தில் ஏறி நுரையாகி மேலே உள்ள கோப்பைக்குள் விழுகிறது. நுரை உடையாமல் கழுத்து வழியே ஏறுவதற்கு அதே அழுக்குத்தான் பசை. அழுக்கு போதாவிட்டால் நுரை பாதிக் கழுத்தில் உடைந்து கீழே இறங்கிவிடும்.

1000 லீற்றர் ஸ்கிம்மரை 220 லீற்றர் தொட்டியில் வைத்த இடங்களில் காண்பது இதுதான். கழுத்து அகலம், காற்று அதிகம், மீனோ ஆறு. நாலு நாள் கோப்பை வெறுமை. ஐந்தாம் நாள் தீனி கொஞ்சம் கூட விழுந்தால் ஒரே இரவில் பொங்கி வழியும், பிறகு திரும்பவும் வெறுமை. வைத்திருப்பவர் ஒவ்வொரு நாளும் வால்வைத் திருகிக்கொண்டே இருப்பார். பழுது வால்வில் இல்லை.

250 என்று பெட்டியில் போட்டது மறுபக்கத்துச் சிக்கல். அந்த எண் மீன் குறைந்த தொட்டிக்கு எழுதியது. டாங் பகல் முழுக்க மேய்கிற மீன், கழிவும் அதிகம். சிறிய ஸ்கிம்மரில் கோப்பை இரண்டு நாளில் கறுத்து நிரம்பும், ஆனாலும் தண்ணீர் மஞ்சள் பிடிக்கும், நைத்திரேற்று மெல்ல ஏறும்.

என்னைக் கேட்டால் பெட்டியில் உள்ள எண்ணை இப்படி வாசியுங்கோ: மீன் குறைவு, நாளுக்கு ஒருதரம் தீனி என்றால் அந்த எண் அப்படியே. நடுத்தரம் என்றால் முக்கால். டாங் போன்ற பெரிய மீன், இரண்டு மூன்று தரம் தீனி என்றால் பாதி. உங்கட தொட்டி முக்காலுக்கும் பாதிக்கும் நடுவில் வரும். ஆகவே 500. அந்த அளவில் உடல் 11 முதல் 13 செ.மீ., கழுத்து 7, 8 செ.மீ. விட்டம் இருக்கும். கடைக்கு அடிமட்டம் ஒன்றைக் கொண்டுபோங்கோ. சில பெட்டிகளில் 500 என்று எழுதி உள்ளே 5 செ.மீ. கழுத்தோடு இருக்கும்.

மாங்குளம் மின்

கனடா ஸ்கிம்மர் விசயம் எங்கட பக்கம். கவனமாக வாசியுங்கோ.

அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். எல்லாரும் "ட்ரான்ஸ்போமர் போட்டால் சரி" என்பார்கள். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஸ்கிம்மரில் உள்ள ஏசி பம்பின் காந்தச் சுழலி ஹேர்ட்ஸுக்குத்தான் சுற்றும். 60இல் நிமிடத்துக்கு 3600 சுற்று என்றால் 50இல் 3000. ஆறில் ஒரு பங்கு வேகம் போச்சு. சுழலியில் உள்ள ஊசிச் சக்கரம் (முள்ளு முள்ளான சக்கரம்) காற்றைச் சின்னக் குமிழாக நொறுக்குவது அந்த வேகத்தில்தான். வேகம் குறைந்தால் காற்றும் குறையும், குமிழும் பெரிசாகும். பெட்டியில் உள்ள எண் இங்கே செல்லாது. போதாக்குறைக்குச் சுருளும் கூடச் சூடாகும், அந்தச் சூடு முழுக்கத் தொட்டித் தண்ணீருக்குத்தான். 32 பாகையில் நிற்கிற தொட்டிக்கு அது வேண்டாத சீதனம்.

மாமாவிடம் ஒன்று கேளுங்கோ: பம்ப் டிசியா, ஏசியா? 24 வோல்ற் டிசி என்றால், அடப்டரில் "100-240" என்றும் "50/60" என்றும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். செருகியை மாற்றினால் சரி. ஏசி என்றால் உடலை மட்டும் எடுத்து, அதே அளவு 230/50 ஊசிச் சக்கரப் பம்ப் கிடைக்குமா என்று பாருங்கோ. கிடைக்காவிட்டால் விடுங்கோ. லண்டன், சுவிஸ், ஜேர்மனியில் இருந்து வருவதற்கு இந்தக் கரைச்சல் இல்லை, அங்கேயும் 50 ஹேர்ட்ஸ்தான்.

டிசி பம்பில் இன்னொரு லாபம், வேகத்தைக் குறைக்கலாம். மீன் ஐந்து இருக்கும்வரை குறைத்து ஓட்டி, டாங் வந்த பிறகு கூட்டலாம்.

பாண்டியன்குளம்

டிசியில் வேகம் குறைத்தாலும் கழுத்து அகலம் குறையாது, அண்ணை. 1000ஐ வாங்கி மெல்ல ஓட்டலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. 500க்குள்தான் அந்த விளையாட்டு.

மாங்குளம் மின்

சரி, ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளாங்குளத்தாள்

ஸ்கிம்மர் அளவு சரியாக இருந்தும் சம்ப் ஆழம் பிழைத்தால் ஒன்றும் நடவாது. சம்புக்குள் வைக்கிற ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் 18 முதல் 22 செ.மீ. ஆழம் கேட்கும். கூடினால் கோப்பைக்குள் தெளிந்த தண்ணீர் ஏறும். குறைந்தால் நுரை எட்டாது. வாங்க முன்னம் சம்பில் ஸ்கிம்மர் நிற்கப்போகிற அறையின் ஆழத்தை அளவுங்கோ. ஆழம் கூட என்றால் அடியில் எஸ்லோன் (பிவிசி) பைப் துண்டு வெட்டி வைத்து உயர்த்தலாம். குறைவென்றால் தடுப்புக் கண்ணாடியை உயர்த்த வேண்டும், அது பெரிய வேலை. சம்ப் மூடி, அலுமாரிக் கதவு எல்லாம் சேர்த்து உயரமும் பாருங்கோ. கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற இன்னும் 8, 10 செ.மீ. வேணும். இதை மறந்து வாங்கிவிட்டு, கோப்பை கழுவ ஸ்கிம்மரையே வெளியே எடுக்கிற ஆட்கள் இருக்கினம்.

சோளகம் வீசுகிற மாதங்களில் தொட்டிக்கு மேலே விசிறி பூட்டினால் ஒரு நாளைக்கு 4, 5 லீற்றர் ஆவியாகும். ஸ்கிம்மருக்குத் தடுப்பு வைத்த தனி அறை இல்லாவிட்டால் காலையில் ஒரு மட்டம், மாலையில் ஒரு மட்டம். தடுப்பு இருந்தால் ஸ்கிம்மர் அறை அப்படியே நிற்கும், மேலேற்றுகிற பம்பின் அறைதான் குறையும். குறைந்ததற்கு நல்ல தண்ணீர் மட்டும் விடுங்கோ, உப்புத் தண்ணீர் அல்ல. கிணற்றுத் தண்ணீர் எங்கட பக்கம் சவர், வவுனியாப் பக்கம் கடினம். லீற்றர் கணக்கில் விற்கிற ஆர்.ஓ. (உப்பு நீக்கி வடித்த) தண்ணீர்தான் சரி.

கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று கணக்குப் பாருங்கோ. மேல்தொட்டி மட்டம் 2 செ.மீ. இறங்கினால் 10 லீற்றர், குழாயில் உள்ளதோடு 12. அது சம்புக்கு வந்தால் மட்டம் 6 செ.மீ. ஏறும். 20க்கு வைத்த ஸ்கிம்மர் இப்போது 26இல் நிற்கிறது. கரண்ட் வந்த அந்தக் கணமே பொங்கி, கோப்பையில் ஒரு கிழமையாய்ச் சேர்ந்த கறுப்புத் தண்ணீர் முழுக்கச் சம்புக்குள் கொட்டும். இதுக்கு மூன்று காரியம்: மேலேற்றுகிற குழாயின் வாய்க்குக் கிட்ட, நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை, அப்போதுதான் உறிஞ்சல் நேரத்தோடு உடையும். ஸ்கிம்மர் செருகிக்குப் பிந்தித் தொடங்குகிற டைமர், 10 நிமிடம் போதும். கோப்பை அடியில் வடிகால் வாய் இருந்தால் ரியூப் போட்டு வெளியே ஒரு போத்தலுக்கு. போத்தல் மூடியில் காற்றுப் போகத் துளை வேணும்.

ஸ்கிம்மரை முக்கியமாக்குகிற இன்னொரு காரணம் ஒட்சிசன், அது தண்ணீருக்குள் காற்றையும் கலக்கிறது. 25 பாகையில் கடல்நீர் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவு வைத்திருக்கும், 30இல் 6.2. இரவு கரண்ட் போனால் முதலில் திணறுவது டாங். பற்றரிக் காற்றுப் பம்ப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

தேங்காய்ச்சிரட்டை

2 அடித் தொட்டி, 60 லீற்றர். இதுக்கு எது அளவு?

நந்திக்கடலான் (முல்லைத்தீவு)

தம்பி, உங்களுக்கு ஸ்கிம்மர் தேவையில்லை. கோமாளி மீன் ஒரு சோடி, கிழமைக்கு 8, 10 லீற்றர் தண்ணீர் மாற்றம். காசை உப்புக்கும் உப்பளவு பார்க்கிற கருவிக்கும் வையுங்கோ.

உப்புக்கான் அண்ணை, தண்ணீர் எங்கே எடுக்கப் போறியள்? வட்டுவாகல் பாலத்தடியில் அள்ள வேண்டாம். நந்திக்கடல் கோடையில் உப்பு ஏறியும் மாரியில் நல்ல தண்ணீர் கலந்தும் கிடக்கும், சேறும் கூட. திறந்த கடலில், ஆற்றுவாய்க்கு விலகி எடுங்கோ. ஐப்பசி தொடங்கித் தை வரை கடலே நீர்த்துப் போகும், அளந்து பார்த்து உப்புச் சேருங்கோ. ஒப்படர்த்தி 1.025 நல்லது. உப்புக் குறையக் குறையக் குமிழ் பெரிசாகி நுரை தளரும். கடல்நீரைத் துணியில் வடித்து, மூடி, இரண்டு நாள் காற்று விட்டு வைத்தாலும் மிதவை உயிர்கள் செத்துக் கரைவதால் முதல் சில நாள் ஸ்கிம்மர் வெறிபிடித்த மாதிரி நுரைக்கும். அந்த நாட்களை வைத்து அளவு பெரிது, சிறிது என்று முடிவு கட்டாதேங்கோ.

தீனியும் அப்படித்தான். எங்கட ஆட்கள் சந்தையில் வாங்கிய இறாலைக் கொத்திப் போடுவார்கள். ஓட்டை உரித்து, ஆர்.ஓ. தண்ணீரில் ஒருக்கால் அலசி, சாற்றை ஊற்றிவிட்டுப் போடுங்கோ. சூடை மீன் வேண்டாம். அதன் எண்ணெய் பட்டதும் நுரை அடங்கிவிடும், திரும்ப ஏற மணித்தியாலக் கணக்காகும்.

வெள்ளாங்குளத்தாள்

புது ஸ்கிம்மர் சரியாகப் பிடிக்க ஒரு கிழமை, சிலவேளை இரண்டு கிழமை. பிளாஸ்ரிக்கில் உள்ள எண்ணெய்ப் படலம் போக வேணும். பூட்ட முன்னம் வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுங்கோ. சவர்க்காரம் தொடவே கூடாது, கோப்பை கழுவும்போதும். துளி பட்டாலும் நாள் முழுக்கப் பொங்கும்.

மட்டம் வைக்கிற விதம்: உடலுக்குள் குமிழ் தண்ணீராகவும் நுரையாகவும் பிரிகிற கோடு கழுத்துத் தொடங்கும் இடத்துக்கு 1, 2 செ.மீ. கீழே நிற்கட்டும். ஒருதரம் திருகினால் ஒரு நாள் விட்டுத்தான் மறுதரம். கோப்பையில் சேர்வது கடும் பிளேன்ரீ நிறத்தில் இருந்தால் சரி. வெளிறின தேத்தண்ணி என்றால் மட்டம் கூட. களி மாதிரிக் காய்ந்து கழுத்திலேயே ஒட்டினால் மட்டம் குறைவு.

கழுத்தை மூன்று நாளுக்கு ஒருக்கால் துடையுங்கோ. காற்றுக் குழாய் நுனியில் உப்புப் படிந்து அடைக்கும். கிழமைக்கு ஒருக்கால் அரைக் கோப்பை இளஞ்சூட்டு ஆர்.ஓ. தண்ணீரை அதனூடாக உறிஞ்ச விடுங்கோ. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பம்பைக் கழற்றி, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி, ஒரு மணித்தியாலம். "ஸ்கிம்மர் சிறிசாப் போச்சு, பெரிசு வாங்கப் போறன்" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஊசிச் சக்கரத்தில் சுண்ணாம்புதான்.

நுளம்புத்திரி ஒன்று. ஸ்கிம்மர் அறைக் காற்றைத்தான் மணிக்குப் பல நூறு லீற்றர் தண்ணீருக்குள் அடிக்கிறது. திரிப் புகையில், நுளம்பு மருந்துத் தெளிப்பில் உள்ள பைரித்திரொயிட் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. தொட்டி உள்ள அறையில் கொளுத்தாதேங்கோ. வேறு வழியில்லை என்றால் காற்றுக் குழாயை நீட்டி யன்னலுக்கு வெளியே விடுங்கோ, நுனியில் எறும்பு புகாமல் சின்ன வலை.

உப்புக்கான் (கிளிநொச்சி)

மாமாவுடையது ஏசி, 120/60. வேண்டாம் என்று சொல்லியாச்சு. சம்ப் அறை ஆழம் 24 செ.மீ., கடையில் உள்ள 500க்கு 20 வேணுமாம். கழுத்து அளந்தது 7.5.

பாண்டியன்குளம்

அதை எடுங்கோ. 4 செ.மீ. உயரத்துக்கு 110 மில்லிமீற்றர் எஸ்லோன் வளையம் ஒன்று வெட்டி, பக்கத்தில் நாலு பெரிய துளை போட்டு அடியில் வையுங்கோ. துளை இல்லாவிட்டால் வளையத்துக்குள் கழிவு அடையும்.