மூன்று தடவை விதைத்தும் கொத்தமல்லி தேறவில்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

மாடிவீட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் மூன்று மாடிக் கட்டடம், மொட்டை மாடியில் எனக்கு ஒரு மூலை கிடைத்திருக்கிறது. கத்தரி, வெண்டை எல்லாம் சுமாராக வந்துவிட்டது, இந்தக் கொத்தமல்லியிடம்தான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

முதல் தடவை பங்குனியில், சமையலறை டப்பாவில் இருந்த தனியாவை அப்படியே தூவி மண் போட்டு மூடினேன். பத்து நாள் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, மண்ணைக் கொட்டிவிட்டு வேறு செடி வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை சித்திரையில். முளைத்தது, ஆனால் இரண்டு இலை விட்டதுமே தண்டு அடியில் நூல் மாதிரி இளைத்து, வரிசையாகச் சாய்ந்துவிட்டது. மூன்றாவது தடவை வைகாசியில் விதைத்தது ஒரு சாண் கூட வளரவில்லை, அதற்குள் இலை எல்லாம் சோம்பு இலை மாதிரி மெலிந்து நடுவில் தண்டு நீண்டு பூ வைத்துவிட்டது. வெண்டைக்குப் போட்ட அதே மண்கலவைதான்: செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம்.

கூடவே இன்னொன்று. சர்பத்துக்கு வாங்கிய சப்ஜா விதையைப் போட்டால் திருநீற்றுப்பச்சிலை வரும் என்றார்கள். அரை அங்குலம் குழி பறித்துப் போட்டேன், அதுவும் வரவில்லை. புதினா விதை எங்கே கிடைக்கும் என்றும் யாராவது சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் எழுதியது:

தம்பி, உங்கள் கையில் தப்பு இல்லை, மாசத்தில்தான் தப்பு. கொத்தமல்லி பனிக்காலத்துப் பயிர். எங்கள் விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரியாக விதைக்கும்போது புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில்தான் விதைப்போம், அப்புறம் மார்கழிப் பனியிலேயே அது பாட்டுக்கு வளர்ந்து தை, மாசியில் பிடுங்கிக் காயப்போட்டு அடிப்போம். நீங்கள் அக்னி நட்சத்திரத்தில் மாடியில் விதைத்திருக்கிறீர்கள். வெயில் தாங்காவிட்டால் அந்தச் செடி இலை விடுவதை நிறுத்திவிட்டு அவசரமாக விதை வைக்கப் பார்க்கும். சோம்பு இலை மாதிரி என்று சொன்னீர்களே, அது பூ வரப்போவதற்கு அடையாளம். அந்த இலை வந்தபிறகு நுனியைக் கிள்ளினாலும் பழைய அகல இலை திரும்பாது.

முதல் தடவை ஏன் வரவில்லை என்றால், நாம் தனியா என்று சொல்கிற உருண்டை ஒரு விதை இல்லை, அது காய். உள்ளே இரண்டு விதை ஒட்டிக்கொண்டிருக்கும். முழுசாகப் போட்டாலும் முளைக்கும்தான், ஆனால் தோல் ஊறி வெடிக்க நாளாகும், இரண்டு வாரம் தாண்டிக்கூட வரும். பத்து நாளில் கொட்டிவிட்டீர்கள், பாவம். எங்கள் அய்யா தார்ப்பாயில் மல்லியைப் பரப்பி செருப்பால் அழுத்தித் தேய்ப்பார். சரியாக இரண்டாகப் பிரியவேண்டும், நொறுங்கக் கூடாது. நொறுங்கினால் அது குழம்புப் பொடிக்குத்தான் ஆகும். உடைத்ததை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து நிழலில் உலர்த்தி, கையில் ஒட்டாத பதத்தில் விதையுங்கள்.

டப்பாவில் எத்தனை நாளாகக் கிடந்த தனியா என்பதையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் 20 விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்த்துவிட்டு விதைக்கலாம், பத்துக்குக் கீழே முளைத்தால் அதைச் சாம்பாருக்கே விட்டுவிடுங்கள்.

நாற்று விட்டுப் பிடுங்கி நடாதீர்கள். ஆணிவேர், அசைத்தால் அதற்குப் பிடிக்காது, அந்தக் கோபத்திலேயே பூத்துவிடும்.

வைகைக்கரை எழுதியது:

நான் மதுரை, எங்கள் மாடியும் அடுப்புதான். அண்ணன் சொன்ன மாசக் கணக்கு சரி, ஆனால் சென்னைக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் கணக்கில் வைக்கவேண்டும், ஒரு ராத்திரி கொட்டினால் நாற்று எல்லாம் மண்ணோடு படுத்துவிடும். கார்த்திகை முதல் தை வரை விதையுங்கள், மழை வலுத்தால் பையைச் சன்ஷேடுக்குக் கீழே இழுத்துவிடுங்கள். வெயில் காலத்திலும் வேண்டும் என்றால் பச்சை நிழல்வலை கட்டி, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்து, ஒரே ஒரு அறுப்போடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் தடவை உங்களுக்கு வந்தது நாற்றழுகல். அது மண்ணில் இருக்கும் பூஞ்சையால் வருவது, ஈரம் ஏறினால் அதற்குக் கொண்டாட்டம். நெருக்கமாகத் தூவி, சாயங்காலம் குடம் குடமாக ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். (நானும் அப்படித்தான் ஊற்றினேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.) நார்க்கழிவு மேலே காய்ந்த மாதிரி தெரியும், விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் சொதசொத என்று இருக்கும். விரலின் முதல் கணு வரை ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஊற்றுவதும் காலையில், பூவாளியால். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்தீர்களா? சில கட்டிகளில் உப்பு இருக்கும், வெண்டை தாங்கிக்கொள்ளும், இது தாங்காது.

சப்ஜாவை நீங்கள் புதைத்ததுதான் பிரச்சினை. அந்த விதைக்கு வெளிச்சம் பட்டால் நல்லது. ஈர மண்மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, தெளிப்பானில் தண்ணீர் தெளித்தால் போதும். விதையைச் சுற்றி நீலமும் சாம்பலும் கலந்த வழவழப்பு படரும், பூசணம் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள், சர்பத்தில் மிதக்கிறதே அதே வழவழப்புதான். ஊறவைத்து விதைக்கப் போனால் விரலில் ஒட்டிக்கொண்டு வராது. ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், இரண்டாகக் கிளைக்கும். பூங்கதிர் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருந்தால் மாசக்கணக்கில் இலை எடுக்கலாம்.

புதினாவுக்கு விதை தேடவேண்டாம் சார். விதையில் வருவது தாய்ச்செடி மாதிரி வரும் என்று சொல்ல முடியாது. சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டாக நாலை எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீர் டம்ளரில் நிறுத்துங்கள், ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் விடும். தனித் தொட்டியில் நடுங்கள், மற்ற செடியோடு சேர்த்தால் வீட்டையே எழுதி வாங்கிக்கொள்ளும்.

சும்மா_ஒருவன் எழுதியது:

காய்கறிக்காரரிடம் கொசுறாகவே கொடுக்கிறார்களே, இதற்குப் போய் நிழல்வலை, பூவாளி, அலசின நார்க்கழிவு எல்லாம் தேவையா?

அஞ்சறைப்பெட்டி எழுதியது:

கொசுறாக வருகிற மல்லியை மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பதில் அதிலேயே இருக்கிறது :)

மாடிவீட்டுத் தம்பிக்கு: பூத்துவிட்ட அந்த மூன்றாவது பையைப் பிடுங்கிவிட்டீர்களா? பிடுங்காவிட்டால் விட்டுவையுங்கள். அந்த வெள்ளைப்பூவுக்குத் தேனீ வரும், பக்கத்தில் இருக்கும் காய்கறிக்கும் அது நல்லது. அசுவினிப் பூச்சி அப்பினால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். பூ உதிர்ந்ததும் பச்சையாக உருண்டை உருண்டையாகக் காய் பிடிக்கும். அந்தப் பச்சை மல்லிக்காயைக் கடையில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அதில் இலை வாசமும் இருக்கும், தனியா வாசமும் இருக்கும், இரண்டுக்கும் நடுவே எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு காரவாசம். ஒரு ஸ்பூன் காயை மிளகு, பூண்டோடு இடித்து, ரசம் நுரைகட்டும்போது போட்டு மூடிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்காகவே நாலு செடியைப் பூக்க விடுவேன். மீதிக் காய் செடியிலேயே பழுப்பாகக் காயட்டும், அடுத்த விதைப்புக்கு ஆச்சு.

நன்றாக வந்த காலத்தில் 40 நாள் வாக்கில் அறுக்கலாம். வெளிப்பக்கத்து இலைகளைக் காம்போடு எடுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள், இன்னொரு தடவை தழைக்கும். ஒரேயடியாகப் பிடுங்குவதென்றால் வேரை வெட்டி எறியாதீர்கள், மண் போகக் கழுவி நசுக்கி ரசத்தில் போடலாம், தாய்லாந்துக்காரர்கள் வேரைப் பூண்டு மிளகோடு அரைத்துத்தான் சமையலையே ஆரம்பிப்பார்கள். தண்டைத் துவையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இலையை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும்.

காயவைத்துச் சேமிப்பதெல்லாம் புதினாவுக்குத்தான். நிழலில் நாலைந்து நாள் காய்ந்தால் நொறுக்கிப் பாட்டிலில் போடலாம். கொத்தமல்லியைக் காயவைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும், அதை அரைத்து ஐஸ் தட்டில் உறையவைப்பது மேல்.

மாடிவீட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதே மாடிக்குப் போய்ப் பார்த்தேன், அந்த மூன்றாவது பை இன்னும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் கிடக்கிறது. வெறுத்துப்போய் நான் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்தியிருந்தேன், தொட்டியிலிருந்து கசிகிற தண்ணீரில் பிழைத்திருக்கிறது. எண்ணிப்பார்த்ததில் ஏழு செடி, மூன்றில் பச்சைக் காய். ஒன்றைக் கடித்தேன், அக்கா சொன்ன அதே எலுமிச்சைத் தோல். இன்று ராத்திரி ரசம்.

வைகைக்கரை சொன்னபடி சப்ஜாவை மேலாகத் தூவிவிட்டேன். கார்த்திகை பிறந்ததும் 15 நாளைக்கு ஒரு பை என்று மல்லியைப் பிரித்து விதைக்கலாம் என்று இருக்கிறேன், ஒரேயடியாக எல்லாம் பூத்துவிடாது பாருங்கள்.

ஒரு சந்தேகம் பாக்கி. மல்லியைத் தேய்க்கும் செருப்பு புதுச்செருப்பா, பழசா? வீட்டம்மா கேட்கச் சொன்னாள், அவள் முகத்தைப் பார்த்தால் சப்பாத்திக் கட்டையையே எடுத்துக் கொடுத்துவிடுவாள் போலிருக்கிறது.

கரிசல்காட்டான் எழுதியது:

சப்பாத்திக் கட்டையே போதும் தம்பி. எங்களுக்கு மூட்டைக் கணக்கில் இருந்தது, அதனால் செருப்பு. கட்டையை மட்டும் அமுக்கி உருட்டாதீர்கள், மாவாகிவிடும்.