ஒரே க்ரோ பேக்கில் நாலு மிளகாய்ச் செடி தாங்குமா?

மொட்டைமாடி:
15×15 அங்குலப் பை ஒன்றுதான் காலியாக இருக்கு. சம்பா, குண்டு, காந்தாரி, குடைமிளகாய்னு நாலு நாற்று ஆறு இலை விட்டு நடவுக்குத் தயார். நாலையும் ஒண்ணா நடலாமா? காரமிளகாய் பக்கத்தில் இருந்தால் குடைமிளகாயும் காரமாயிடும்னு சொல்றாங்களே, நிஜமா? சென்னை, மாடியில் மதியம் முழுக்க வெயில்.

செம்மண்:
நாலு வேண்டாம், இரண்டு வைங்க. அந்தப் பையின் கொள்ளளவு சுமார் 43 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 37 லிட்டர் கலவைதான் பிடிக்கும். ஒரு செடிக்கு 15 லிட்டருக்குக் குறைந்தால் வெயில் காலத்தில் மதியத்துக்குள் மண் வறண்டு பூ கொட்டும். உரம் பற்றாமல் போவது அப்புறம்தான், முதலில் இடிப்பது தண்ணீர். வயலிலேயே மிளகாய் ரகங்களுக்கு 60×45 செ.மீ. இடைவெளி விடுகிறார்கள், உங்கள் பையின் குறுக்களவே 38 செ.மீ.

சம்பாவும் குண்டும் இந்தப் பைக்குப் போதும். விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி, எதிரெதிராக நடுங்க. காந்தாரியை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அது மூன்று நான்கு வருஷம் நிற்கும், புதராகப் படர்ந்து பக்கத்துச் செடியை நிழலில் அமுக்கிவிடும். தனித்தொட்டி கொடுங்க.

கலவை: செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 1, பைக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டை ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்து போடுங்க. உப்பு இருந்தால் நாற்றின் இலை நுனி கருகும். நட்டுப் பத்து நாள் கழித்து நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். பதினைந்து நாளுக்கொருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். மாட்டுச்சாணியும் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் மாற்றி மாற்றி ஊற்றினால் இலை தளதளன்னு இருக்கும், காய் இருக்காது.

இலைப்பேன்:
காரம் தொற்றாது. காரம் உருவாவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில். அது தாய்ச்செடியின் திசு, மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் மாறாது. கலப்பு தெரிவது அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த தலைமுறை நடும்போதுதான். விதை எடுக்கணும்னா, பூ விரியும் முன்பே கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டி, பிஞ்சு பிடித்த பிறகு கழற்றி அந்தக் காயில் நூல் கட்டி அடையாளம் வைங்க.

உங்க குடைமிளகாய்க்கு வில்லன் காரமிளகாய் இல்லை, சென்னை வெயில். நிழல்வலைக்குக் கீழே தனித்தொட்டியில் வைங்க. இல்லாவிட்டால் பூத்துப் பூத்து உதிரும்.

நெருக்கி நட்டால் பூச்சி பரவுவதும் வேகம். தினமும் கொழுந்தைத் திருப்பிப் பாருங்க. இலை ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன் பூச்சி: லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடியில் படும்படி. கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்திப்பேன்: நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 3 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீங்க, இலை கருகிவிடும். இலை மஞ்சளாகிச் சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருட்டு வைரஸ். அதற்கு மருந்து கிடையாது.

மொட்டைமாடி:
நன்றி. அப்படி ஒரு செடிக்கு வந்தால், பக்கத்துச் செடியை விட்டுட்டு அதை மட்டும் பிடுங்கிடலாமா?

செம்மண்:
பிடுங்காதீங்க. இரண்டின் வேரும் பின்னிக்கிடக்கும், இழுத்தால் நல்ல செடியின் வேரும் அறுந்து வாடும். மண் மட்டத்தில் கத்திரியால் வெட்டி, செடியை மூடிய கவரில் போட்டு வெளியேற்றுங்க. வைரஸ் என்றால் மிஞ்சிய வேரால் ஆபத்தில்லை, அது ஈ மூலம்தான் போகும்.

ஆனால் இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று துவண்டால் கதை வேறு. தண்டை அடியில் குறுக்கே வெட்டி, வெட்டு முனையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அசைக்காமல் தொங்கவிடுங்க. சில நிமிஷத்தில் பால் மாதிரி இழை இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். அப்போது பக்கத்துச் செடி நல்லா தெரிந்தாலும் மண்ணோடு போச்சு. அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் திரும்ப நடக்கூடாது.