பென்டியம் 133 மோடத்தை பென்டியம் 3-ல் மாட்டலாமா?

பழையபெட்டி: பென்டியம் 133-ல் (விண்டோஸ் 95) ஜம்பர் (செட்டிங் மாற்றும் குட்டிப் பின் மூடி) வைத்த ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லாட்) 33.6கே மோடம், அதாவது போன் லைனில் டயல் பண்ணும் கார்டு. பென்டியம் 3-ல் (440பிஎக்ஸ் போர்டு, விண்டோஸ் 98) பிசிஐ (ஐஎஸ்ஏவுக்கு அடுத்து வந்த ஸ்லாட்) 56கே மோடம். இரண்டையும் இடம் மாற்றினால் ஓடுமா? பென்டியம் 4 ஒன்றிலிருந்து கழட்டிய குட்டி மோடம் கார்டும் கையில் இருக்கு.

ஜம்பர்ராஜா: ஐஎஸ்ஏ கார்டு தாராளமா ஓடும், 440பிஎக்ஸ் போர்டில் ஐஎஸ்ஏ ஸ்லாட் இருந்தால். மாட்டுறதுக்கு முன்னாடி ஜம்பரை காம்2 (இரண்டாவது சீரியல் போர்ட்), ஐஆர்க்யூ 3-க்கு (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் லைன்) மாத்துங்க. அப்புறம் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் செட்டிங்ஸ்) போர்டோட இரண்டாவது சீரியல் போர்ட்டை டிசேபிள் பண்ணி, ஐஆர்க்யூ 3-ஐ லெகசி ஐஎஸ்ஏவுக்கு (ஜம்பர் வைத்த பழைய கார்டுக்கு) ஒதுக்கணும். ஜம்பர் காம்3-ல் இருந்து அப்படியே விட்டால் அதுக்கு வழக்கமா ஐஆர்க்யூ 4, காம்1-க்கும் அதேதான். ஐஎஸ்ஏவில் ஒரே ஐஆர்க்யூவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பகிர முடியாது. காம்1-ல் சீரியல் மவுஸ் இருந்தால் டயல் பண்ணின உடனே மவுஸ் உறைஞ்சு போகும். மோடம் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடுறது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சிப்பைப்பார்: பிசிஐ கார்டு ஸ்லாட்டில் உட்காரும், ஓடுமாங்கிறது வேற கேள்வி. கார்டைக் கையில் எடுத்துப் பாருங்க. கன்ட்ரோலர், ராம், ராம் பக்கத்திலேயே ஃப்ளாஷ் சிப் என்று நெருக்கமா இருந்தால் ஹார்டுவேர் மோடமா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே பெரிய சிப், ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், மீதி வெறும் போர்டு என்றால் வின்மோடம். அதில் சிக்னல் வேலையைப் பிராசஸர்தான் செய்யணும். டிரைவர் பெரும்பாலும் எம்எம்எக்ஸ் (பிராசஸரில் பின்னாடி சேர்த்த கூடுதல் கட்டளைகள்) கேட்கும்; பென்டியம் 133-ல் அது கிடையாது. டாஸிலும் வின்மோடம் ஓடாது. டிரைவர் தேட, கார்டில் அச்சடிச்ச எஃப்சிசி எண்ணைக் (அமெரிக்க அரசு அனுமதிப் பதிவு எண்) குறிச்சு வைங்க. ஸ்டிக்கரில் இருக்கிற பெயரை நம்பாதீங்க.

பழையபெட்டி: பெரிய சிப் ஒன்றுதான். குட்டி கார்டு?

ஜம்பர்ராஜா: அது ஏஎம்ஆர் (46 பின்) அல்லது சிஎன்ஆர் (60 பின்) என்ற குட்டி ஸ்லாட்டுக்கான கார்டு. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று போகாது. இரண்டும் சவுத்பிரிட்ஜில் (போர்டில் ஸ்லாட், போர்ட்டுகளைக் கவனிக்கும் சிப்) ஏசி97 கன்ட்ரோலர் (ஒலி, மோடம் சிக்னலைக் கையாளும் பகுதி) இருப்பதை நம்பி நிற்கிற கார்டுகள். 440பிஎக்ஸ் கூட வரும் பிக்ஸ்4 என்ற சவுத்பிரிட்ஜில் அது இல்லை. பென்டியம் 4-லேயே திரும்ப மாட்டிடுங்க.

சிப்பைப்பார்: போன் லைன் இல்லாமலே ஐஎஸ்ஏ கார்டைச் சோதிக்கலாம். ஹைப்பர்டெர்மினலில் (மோடத்தோட நேரா பேச விண்டோஸில் இருக்கிற புரோகிராம்) காம்2 திறந்து ஏடி (AT, மோடத்துக்கான கட்டளை) அடிங்க, ஓகே வரணும். பிறகு ஏடிடிடி-யும் (ATDT, டயல் பண்ணச் சொல்லும் கட்டளை) ஏதாவது ஒரு எண்ணும். ‘நோ டயல்டோன்’ வந்தால் பயப்படாதீங்க, அது கார்டு உயிரோட இருக்கிறதுக்கு அடையாளம். ஒண்ணுமே வரலைன்னா ஜம்பரைத் திரும்பப் பாருங்க.