ஜூஸ் கிளென்ஸ், அப்பா, நான்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

நான் தன்பாலீர்ப்பாளன். வீட்டில் சொல்லிப் பல வருடமாகிறது, நண்பர்களுக்கும் வேலையிடத்தில் சிலருக்கும் தெரியும், அதனால் ரகசியத்தை வெளியிடுவதற்காக எழுதவில்லை. சமீபத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஜூஸ் கிளென்ஸ் செய்து பார்த்தேன். சமைத்தது எதுவும் கிடையாது, காய்கறிச் சாறும் பழச்சாறும் மட்டும். அந்தச் சமயத்தில் பழைய விஷயம் ஒன்று மனதுக்குள் கிளம்பிவிட்டது. இரண்டையும் பிரித்து எழுத முடியவில்லை, சேர்த்தே எழுதுகிறேன்.

பதின்ம வயதின் கடைசியில், விஷயம் தெரிந்ததும், அப்பா என்னை ஓர் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனார். குணப்படுத்திவிடலாம் என்றார் அந்த மனிதர். முதலில் பேச்சு, அப்புறம் விரதம், அப்புறம் பழச்சாறு. உடம்பில் சேர்ந்திருப்பது வெளியேறினால் எண்ணமும் மாறிவிடும் என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். "இது என்ன வியாதிங்க?" என்று அம்மா கேட்டார். அவரிடமிருந்து ஒரு பெயர் வரவில்லை. எப்படி வரும்? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது, அந்த நாளைத்தான் இன்று பால்புதுமையர், அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டவர்கள் மீதான வெறுப்புக்கு எதிரான நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 1973 மாற்றத்துக்கு முன்னின்று உழைத்த ராபர்ட் ஸ்பிட்சரே பிற்காலத்தில், ஈர்ப்பைச் சிலரிடம் மாற்ற முடியும் என்று ஒரு ஆய்வை வெளியிட்டார், 2012-ல் அது தவறு என்று வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். இதெல்லாம் அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் அந்தச் சாற்றைக் குடித்தேன், மெலிந்தேன், அவ்வளவுதான் நடந்தது.

இப்போது செய்தது என் விருப்பத்தில். எங்கள் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், அங்கே உடம்பைப் பற்றிய பேச்சு ஓய்வதே இல்லை. யாருக்கு வயிறு தட்டை, யார் சட்டையில்லாமல் படம் போடலாம் என்பதெல்லாம் சாதாரண அரட்டை. வெளியில் ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே வந்ததும் ஒருவரையொருவர் அளவெடுத்து ஒதுக்குவது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம், இதை நாம் இன்னும் உரக்கப் பேச வேண்டும். எடையைக் குறைக்கத்தான் நானும் சேர்ந்தேன்.

எடை வேகமாக இறங்கியது உண்மை. ஆனால் போனது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது, ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது கரைகிறது, தண்ணீரும் போகிறது, மறுபடி சாப்பிட்டதும் திரும்பிவிடுகிறது. தலைவலி வந்தது, காபியை ஒரேயடியாக நிறுத்தியதுதான் காரணம். புரதம் அநேகமாக இல்லை, நார்ச்சத்தை வடிகட்டித் தூக்கிப் போட்டுவிட்டோம், மிஞ்சியது பெரும்பாலும் சர்க்கரை. பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் தேனையும் உலக சுகாதார நிறுவனம் ஒரே வகையில்தான் வைக்கிறது, அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள் என்கிறது. நாங்கள் அதையே முழுச் சாப்பாடாக்கியிருந்தோம். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன், ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

ஜூஸ் கிளென்ஸ் உடம்பிலுள்ள நச்சை வெளியேற்றும் என்பார்கள். ஏற்பாடு செய்தவரிடம், எந்த நச்சு என்று கேட்டேன். "எல்லாம்தான், உள்ளே சேர்ந்தது எல்லாம்" என்றார். நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் எனக்கு அந்த ஆலோசகரின் அறை ஞாபகம் வந்துவிட்டது. அன்றும் பெயரில்லாத ஒன்றை வெளியேற்றத்தான் என்னைப் பட்டினி போட்டார்கள். கழிவை அகற்ற எனக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன.

அந்த வாரத்தில்தான் அப்பா போன் செய்தார். என்ன சாப்பிட்டாய் என்று வழக்கம்போலக் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கோபமாக, "யாருடா உன்னை ஜூஸ் குடிக்கச் சொன்னது? மறுபடியும் எவனாவது உன்னை மாத்தறேன்னு கிளம்பிட்டானா?" என்றார். இல்லப்பா, எடைக்காக, நண்பர்களோடு சேர்ந்து, என்றேன். அவர் நம்பவில்லை. எவன் என்று சொல்லு, நான் வந்து பேசுகிறேன் என்று நின்றார். என்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் இவர்தான். அன்று அந்த அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டியவரும் இவர்தான். "அப்ப எனக்குத் தெரியலைடா, யாரும் சொல்லவும் இல்லை" என்றார். விடுங்கப்பா என்றேன், அவர் விடுவதாக இல்லை. ரொம்ப நேரம் பேசினோம், அந்த வயதில் எனக்கு என்னவெல்லாம் நடந்தது என்று முதல் தடவையாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை, அதுவரை.

வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். சண்டை இல்லை, திருமணப் பேச்சு இல்லை, அதைத்தான் அப்படிச் சொன்னேன். எனக்காக அப்பா ஒருவரோடு சண்டைக்குப் போகத் தயாரானது வேறு.

உங்களுக்கு இப்படி எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவோ, மறுப்போ வந்திருந்தால் எழுதுங்கள். ஜூஸ் கிளென்ஸ் செய்தவர்களும் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் திருநங்கை, ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிறேன். இதை முக்கியமாக எங்களைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். ஆண் ஹார்மோனின் செயலைத் தடுக்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுக்கிறேன், அது உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். ஆரஞ்சு, தக்காளி, கேரட் சாறு எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். நாள் முழுக்க அதையே குடித்தால் ரத்தத்தில் அளவு கூடி இதயத் துடிப்பே தடுமாறலாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். கிரேப்ஃப்ரூட் சாறு பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதையும் சொன்னார். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எல்லாரும் கேட்காமல் இறங்காதீர்கள். பசலைக்கீரை, பீட்ரூட் சாற்றை அளவில்லாமல் குடித்து, அதிலுள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

நான் சொல்ல வந்தது அந்த டாக்டரைப் பற்றியும்தான். அதற்கு முன் போன இடத்தில் காய்ச்சலுக்குப் போனாலும் என் உடம்பைப் பற்றித்தான் கேள்வி. காய்ச்சலைப் பார்க்கவே மாட்டார்கள். இவர் ஜூஸைப் பற்றிக் கேட்டதற்கு ஜூஸைப் பற்றி மட்டும் பதில் சொன்னார். பழைய ரிப்போர்ட்டில் இருந்த பழைய பெயரைப் பார்த்தும், நான் சொன்ன பெயரில் கூப்பிட்டார். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் எங்கள் விஷயம் மனநோய் அத்தியாயத்தில் இல்லை, பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்துக்கு மாற்றிவிட்டார்கள். காகிதத்தில் வந்தது ஒரு அறைக்குள்ளும் வந்ததை அன்றுதான் பார்த்தேன். வெளியே வந்து அழுதேன்.

*

எனக்கு ஜூஸ் கிளென்ஸ் ஒத்துக்கொண்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். நானும் என் துணைவியும் சேர்ந்து செய்தோம், கொஞ்ச நாள்தான். அதற்கப்புறம் இனிப்பு மேல் ஆசை குறைந்தது, காய்கறி அதிகம் சாப்பிடுகிறோம். நச்சு, கிச்சு எல்லாம் நானும் நம்பவில்லை. ஏற்பு விஷயத்தில் எனக்குச் சொல்ல நல்ல கதை இல்லை, என் அண்ணன் இன்றுவரை என் துணைவியின் பெயரைச் சொல்வதில்லை. "உன் தோழி" என்பதோடு சரி.

*

தம்பி, நான் ஒரு அம்மா. என் பெண் தன்பாலீர்ப்புள்ளவள் என்று எனக்கு அப்போது தெரியாது. உறவுக்காரர்கள் ஒன்றாகத் தங்கியிருந்த சமயம், அவள் ஜூஸ் டயட் என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சாப்பிட உட்காரும்போது இவள் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். உடம்பைக் குறைக்கிறாள் என்று மற்றவர்கள் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் சரியாகப் படவில்லை, அவளுக்குக் குறைக்க எதுவும் இல்லை. கவனித்தேன். சாப்பாட்டு நேரத்தில்தான் கல்யாணப் பேச்சு வரும், மாப்பிள்ளை எப்படி வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த டயட் என்று புரிந்தது, ஏன் தப்பிக்க வேண்டும் என்பது புரியவில்லை. தட்டில் சோறு போட்டு மாடிக்கே எடுத்துக்கொண்டு போனேன். எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சாப்பிட்டாள். அப்படிச் சில நாள் போனது. பிறகு அவளாகவே சொன்னாள்.

பிள்ளைகள் திடீரென்று சாப்பாட்டைத் தவிர்த்தால், அதற்கு ஆரோக்கியமான பெயர் ஒன்று இருந்தாலும், பெற்றவர்கள் கொஞ்சம் பக்கத்தில் போய் உட்காருங்கள். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உறவினர்கள் இன்னும் கேட்கிறார்கள், அவளும் அவர்களிடம் சொல்லத் தயாராக இல்லை. நான் என்ன பதில் சொல்வது?

*

அம்மா, என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். "அவன் கல்யாணத்தைப் பற்றி என்கிட்டயும் கேக்காதீங்க, அவன்கிட்டயும் கேக்காதீங்க" என்று ஒரே வாக்கியம், காரணம் சொல்லாமல், எல்லாரிடமும் ஒரே மாதிரி. பொய் சொல்லவும் இல்லை, என் விஷயத்தை என் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லவும் இல்லை. முதலில் சிலர் முகத்தைத் தூக்கினார்கள், இப்போது கேட்பதில்லை. ஆனால் உங்கள் பெண்ணிடம் முதலில் கேட்டுவிடுங்கள், எந்த வார்த்தையில் சொன்னால் அவளுக்குச் சரி என்று.

திருநங்கைத் தங்கை எழுதிய பொட்டாசியம் விஷயம் எனக்குத் தெரியாது, எங்கள் குழுவில் இருவர் அந்த மாத்திரை எடுக்கிறார்கள். இப்போதே அனுப்பிவிட்டேன்.